கார்குழலியின் தட்டு மோட்டார்

டோல்கேட்டிலிருந்து கடல் பக்கம் திரும்பும் சந்தில் இரண்டு கடைகள் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. ஒன்று என் லேத் பட்டறை. இன்னொன்று கார்குழலியின் மோட்டார் வைண்டிங் கடை. அவள் அந்தச் சுவரில் ஒரு தட்டு தட்டினால் டீ வந்திருக்கிறது என்று பொருள். இரண்டு தட்டு என்றால் ஏதோ உடைந்திருக்கிறது. போன வருடம் ஒரு நாள் காலையில் நிறுத்தாமல் தட்டிக்கொண்டே இருந்தாள். கடை பற்றிக்கொண்டது என்றே நினைத்தேன். மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"பாய், இத்த பாரு பாய்! சுருளுக்கு உள்ள இரும்பே இல்ல!" என்று கத்தினாள். அப்புறம்தான் வாளியைப் பார்த்தாள். "அது இன்னாத்துக்கு?"

"உன் தலைல கொட்றதுக்கு" என்றேன்.

அவள் காதில் அது விழவே இல்லை. மேசைமேல் சின்ன தோசைக்கல் அளவில் தட்டையாக ஒரு மோட்டார். ஏலத்தில் போன ஏதோ பழைய மெஷினிலிருந்து கழன்று, புளியந்தோப்பு காயலான் கடைக்கு வந்து, அங்கிருந்து இவள் கைக்கு வந்திருக்கிறது. கழற்றிப் பரப்பி வைத்திருந்தாள். நாம் வழக்கமாகப் பார்க்கும் மோட்டார் உருளை வடிவம். வெளியே ஒரு குழாய், அதற்குள் ஓர் உருளை சுற்றும், காந்த விசை நடுவிலிருந்து சுற்றிலும் பாயும். இது அப்படி இல்லை. இரண்டு இரும்புத் தட்டுகள், ஒவ்வொன்றிலும் வட்டமாக ஒட்டிய காந்தங்கள். அவற்றுக்கு நடுவே, செம்புக் கம்பிச் சுருள்களைப் பிசினில் உறையவைத்த மூன்றாவது தட்டு. நடுத்தட்டு அசையாது. வெளித்தட்டு இரண்டும் சேர்ந்து சுற்றும். காந்த விசை அச்சு போகிற திசையிலேயே ஒரு தட்டிலிருந்து எதிர்த் தட்டுக்குத் தாவும்.

"காந்தம் பூரா ஓரத்துல குந்திகினு கீது பாரு. நீட்டு ஸ்பேனர் போட்டா நட்டு ஈசியா திரும்புதுல்ல, அதே மேட்டர்தான். வெயிட்டு கம்மி, இழுப்பு ஜாஸ்தி. எனுக்கு இன்னிக்கு சோறே வாணாம் பாய்."

உண்மையிலேயே அன்று அவள் சாப்பிடவில்லை.

கார்குழலிக்கு முப்பத்தாறு வயது. வியாசர்பாடி ஹவுசிங் போர்டு குடியிருப்பில் பிறந்து, இன்றும் அங்கேதான் அம்மாவோடு இருக்கிறாள். ஐடிஐயில் எலெக்ட்ரீஷியன் படித்தபோது வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். பதினைந்து வருடமாகக் கம்பி சுற்றுகிறாள். கிரைண்டர், பம்பு, மணலி கம்பெனிகளின் பெரிய மோட்டார் என்று ஐந்தாயிரமாவது சுற்றியிருப்பாள். கை வேகம் அப்படி. ஆனால் அவளுக்கு ஒரு தீராத கடுப்பு உண்டு. எரிந்துபோய் வந்த மோட்டாரின் உள்ளே மொத்தமும் இவள் கைவேலையாக மாறியிருக்கும். வெளியே தகட்டில் மட்டும் எவனோ ஒரு கம்பெனிக்காரன் பெயர் பளபளவென்று இருக்கும். அந்தத் தகட்டைத் துணியால் துடைத்து மாட்டும்போதெல்லாம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள். நான் அதைச் சொல்லிச் சொல்லியே கிண்டல் செய்வேன். என் லேத்தில் கடைந்த சாமான்களிலும் என் பெயர் கிடையாது. ஆனால் எனக்கு அந்தக் கவலை வந்ததில்லை. எனக்கு வேண்டியதெல்லாம் நேரத்துக்குச் சோறு.

காயலான் கடை மோட்டாரை அவள் ஒரே வாரத்தில் உயிர்ப்பித்துவிட்டாள். மேசைமேல் வைத்துச் சுற்றவிட்டபோது சத்தமே வரவில்லை. கிட்டே போனால் காற்று மட்டும் முகத்தில் பட்டது. அந்த நேரத்தில்தான் காத்திவாக்கத்திலிருந்து குப்பம்மா எரிந்துபோன கிரைண்டர் மோட்டாரோடு உள்ளே வந்தாள். மீனவக் குப்பத்துப் பெண். நாற்பது வயதுக்கு மேலே இருக்கும். கிரைண்டரைக் கீழே வைத்துவிட்டு மேசையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கண்ணு, இது படகுல ஓடுமா?"

கார்குழலி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். இவள் கண்ணில் அந்த வெளிச்சம் வந்துவிட்டால் அடுத்த மூன்று மாதம் எனக்குத் தூக்கம் கிடையாது என்று எனக்குத் தெரியும்.

குப்பம்மா உட்கார்ந்து விவரம் சொன்னாள். எண்ணூர் ஆற்றில் இறால் நன்றாகப் படும் இடம் கொஞ்சம்தான். அதனால் அவர்கள் குப்பத்தில் முறை வைத்து வலை போடுகிறார்கள். முறை வந்த அன்று, ஓதம் வற்றி நீர் இறங்கத் தொடங்குவதற்கு முன்னால், சொந்தப் படகில் சொந்த இன்ஜினோடு அந்த இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அடுத்தவன் படகில் கட்டி இழுத்து வரக்கூடாது. துடுப்பு போட்டுப் போனாலும் கணக்கில் வராது. முறைக்காரர் மனோகரன் அங்கேயே உட்கார்ந்து, பெயர், படகு, இன்ஜின் கம்பெனி மூன்றையும் நோட்டில் எழுதுவார். குப்பம்மாவின் புருஷன் நீலமேகத்துக்குத் தோள்பட்டை நழுவிப் போயிருந்தது. அவர்களுடைய டீசல் இன்ஜின் நாற்பது கிலோ. அவரால் அதைத் தூக்கி மாட்டவும் முடியவில்லை, கைப்பிடி சுற்றிக் கிளப்பவும் முடியவில்லை. குப்பம்மாவாலும் முடியவில்லை. இரண்டு முறை தவறிவிட்டது.

"மூணாந்தபா போவலைன்னா நோட்டுலர்ந்து பேர அடிச்சிருவாங்க. அப்பால எங்களுக்கு ஆறே இல்ல. நான் கரையில குந்திகினு அடுத்தவன் இறாவ ஆய வேண்டியதுதான்."

"எக்கா, நீ எவ்ளோ வெயிட்டு தூக்குவ?" என்று கேட்டாள் கார்குழலி.

"ஒரு கொடம் தண்ணி தூக்குவேன்."

"அவ்ளோதான் இருக்கும் மோட்டாரு" என்று சொல்லிவிட்டாள். படகை இழுக்க இதைவிடப் பெரிதாக ஒன்றைப் புதிதாகச் செய்ய வேண்டும். அதற்குக் கையில் ஒரு காந்தம்கூட இல்லாமல் வாக்குக் கொடுத்துவிட்டாள் பாருங்கள்! எனக்கு வந்த கோபத்தில் அன்று இரண்டு கட்டிங் டூலை உடைத்தேன்.

கோபம் மறுநாளே போய்விட்டது. அந்த வேலை அப்படிப்பட்ட வேலை. ஒரு தட்டுக்குப் பதினாறு காந்தம், இரண்டு தட்டுக்கு முப்பத்திரண்டு. வடக்கும் தெற்கும் மாறி மாறி வர வேண்டும். எதிரெதிர்த் தட்டில் வடக்குக்கு நேராகத் தெற்கு நிற்க வேண்டும். ஒவ்வொன்றின் வடக்குப் பக்கத்திலும் சிவப்பு நகப்பூச்சால் பொட்டு வைத்தாள். சுருள் பன்னிரண்டு. தடித்த கம்பியில் சுற்றினால் காந்தத்துக்கு நடுவில் கம்பியே சூடாகிவிடும் என்று, மயிரிழைக் கம்பிகள் இருபதைச் சேர்த்து டிரில் மெஷினில் முறுக்கி ஒரு கம்பியாக்கினாள். முறுக்கிய கம்பியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "பட்டு மாரி கீது" என்று என் கன்னத்திலும் வைத்தாள்.

என் பங்கு இரும்புத் தட்டுகள். காந்தத்துக்கும் சுருளுக்கும் நடுவே ஒரே ஒரு மில்லிமீட்டர்தான் இடைவெளி. அது குறையக் குறைய இழுப்பு கூடும். ஆனால் தட்டு கொஞ்சம் ஆடினாலும் உரசிவிடும். "அஞ்சு பாயின்ட்டுக்கு மேல ஆடக்கூடாது பாய்" என்றாள். ஒரு பாயின்ட் என்றால் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. நான் மூன்று பாயின்ட்டில் கொடுத்தேன். ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜில் முள் நகர்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு நின்றது. எனக்கே என்மேல் காதல் வந்துவிட்டது. மூன்று முறை அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

தட்டுகளைச் சேர்ப்பதுதான் ஆபத்து. கிட்டே கொண்டுபோனால் இரண்டும் ஒன்றையொன்று வெறிபிடித்த மாதிரி இழுத்துக்கொள்ளும். முதல் தடவை என் விரல் நடுவில் மாட்டி நகம் கறுத்துப்போனது. அதன்பிறகு மூன்று நீளமான போல்ட்டுகளைச் செய்து கொடுத்தேன். மூன்றையும் மாற்றி மாற்றிக் கால் சுற்றுத் திருகினால் தட்டு மெல்ல இறங்கும். கழற்றவும் அதே வழிதான்.

என் பட்டறைக்குள் காந்தத்தைக் கொண்டுவரவே விடமாட்டாள். லேத் இருக்கிற இடத்தில் இரும்புத் தூள் இல்லாமல் இருக்குமா? ஒரு துளி தூள் காந்தத்தில் ஒட்டினால் அந்த ஒரு மில்லிமீட்டர் போச்சு. அதனால் மோட்டாரைத் தன் வீட்டிலேயே சேர்த்தாள். தரையை மூன்று தரம் துடைத்து, புத்தர் படத்துக்குக் கீழே வெள்ளை வேட்டியை விரித்து, தலையில் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் போனபோது கை கால் கழுவச் சொன்னாள். சட்டையையும் மாற்றச் சொன்னாள். அவளுடைய அம்மா கொடுத்த ஏதோ பழைய நைட்டியைப் போர்த்திக்கொண்டு வேலை செய்தேன். இதை எழுதியிருக்கக் கூடாது. எழுதிவிட்டேன், போகட்டும்.

மோட்டார் பன்னிரண்டு கிலோ வந்தது. காற்றுப் போய்ச் சூடு இறங்க, அலுமினிய மூடியில் சுற்றிலும் துளைகள். துளைகளுக்கு வலை அடித்துத் தருவதாக நான் சொல்லியிருந்தேன். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். முறை நாள் அதற்குள் வந்துவிட்டது.

காத்திவாக்கத்துக்கு எட்டு மணிக்கே போய்விட்டோம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி. இந்தப் பக்கம் வரிசையாகப் படகுகள். பதினொரு மணிக்கு நீர் இறங்கத் தொடங்கும் என்றார் நீலமேகம். ஒரு கையைத் தோளோடு கட்டியிருந்தார். கார்குழலி மோட்டாரைப் படகின் பின்பலகையில் மாட்டி, பேட்டரியும் இணைத்துவிட்டாள். கரையில் வைத்தே கைப்பிடியை முறுக்கிப் பார்த்தோம். மூடித் துளைகளில் காற்று சீற, தண்டின் நுனியில் இருந்த காற்றாடி சுற்றியது. நான் குதித்தே விட்டேன்.

"ஒரு நிமிசம் கண்ணு" என்றாள் குப்பம்மா. அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம். புது வலையோ புது இன்ஜினோ, எது வந்தாலும் தண்ணீரில் இறங்கும் முன் கரையோர ஈர மண்ணை அள்ளி மூன்று இடத்தில் அப்புவார்கள். அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டு கையிலும் மண் அள்ளி வந்தாள். கார்குழலி ஒரு கணம் தயங்கி என்னைப் பார்த்தாள். அவளுக்கு உள்ளே ஏதோ இடறியிருக்கிறது.

நான் சொன்னேன், பெரிய மேதாவி மாதிரி: "மண்ணுதானே. அதுல இரும்பா கீது?"

குப்பம்மா அப்பினாள். மூடியின் மேலே ஒன்று, பக்கவாட்டில் இரண்டு. துளைகள் எல்லாம் பக்கவாட்டில்தான். கற்பூரம் காட்டினார்கள். படகு ஆற்றில் இறங்கியது. நாங்கள் நாலு பேரும் ஏறினோம். குப்பம்மா கைப்பிடியைத் திருகினாள். பத்து அடி போயிருப்போம். உள்ளேயிருந்து கரகரவென்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். இரும்பை இரும்பு தின்கிற சத்தம்.

"நிறுத்துக்கா! நிறுத்து!" என்று கார்குழலி அலறினாள்.

படகைக் கரைக்குத் தள்ளி வந்தோம். மணி பத்தேகால். மூடியைக் கழற்றினால் காந்தம் ஒவ்வொன்றுக்கும் கறுப்பாகத் தாடி முளைத்திருந்தது. அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் கறுப்பு மணல்.

நீலமேகம் எட்டிப் பார்த்தார். "அட, இது கருமணலு. சின்ன வயசுல ஸ்பீக்கர் காந்தத்த கயித்துல கட்டி கரையில இழுத்துகினு ஓடுவோம். பூரா ஒட்டிகினு வரும்."

"அத்த முன்னாடியே சொல்றதுக்கு இன்னா நைனா?" என்றேன்.

"நீதான பாய் மண்ணுல இரும்பு இல்லன்ன? நீ படிச்சவன்னு நெனச்சேன்."

வெட்கத்தில் எனக்குக் காது கொதித்தது. என் பட்டறைத் தூளுக்குப் பயந்து மூன்று தரம் தரை துடைத்தவள் அவள். கரைக்கு வந்ததும் இனி இரும்பு இல்லை என்று நம்பினாள். அந்த நம்பிக்கையை முத்திரை குத்தி உறுதி செய்தவன் நான்.  குப்பம்மா மண் அள்ளிய இரண்டு கைகளையும் புடவையில் துடைத்துத் துடைத்து நின்றாள். அதைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை.

கார்குழலி அழவும் இல்லை, திட்டவும் இல்லை. "போல்ட்டு" என்றாள். மூன்று போல்ட்டையும் என் பையிலிருந்து எடுத்தேன். படகுப் பலகையில் தன் துப்பட்டாவை விரித்தாள். கால் சுற்று, கால் சுற்று என்று மாற்றி மாற்றித் திருகினோம். மேல் தட்டு பிரிந்தது. நடுத்தட்டின் பிசினில் வட்டமாக ஒரு கீறல். கம்பி அறுந்திருந்தால் எல்லாம் முடிந்தது. மீட்டரை வைத்தாள். சுருள்களிலிருந்து வெளியே வரும் மூன்று ஒயரும் ஒரே மாதிரி காட்டின. "உயிரு கீது!" என்று கத்தினாள். கரையில் இருந்தவர்கள் ஓடி வந்தார்கள்.

ஆனால் மணல் போகவில்லை. துணியால் துடைத்தால் இந்தக் காந்தத்திலிருந்து அந்தக் காந்தத்துக்கு ஓடுகிறது. தண்ணீர் ஊற்றினால் இன்னும் அழுத்தமாக ஒட்டுகிறது. ஊதினோம், தட்டினோம், சுரண்டினோம். மணி பத்தரை தாண்டியது.

குப்பம்மா திடீரென்று படகிலிருந்து குதித்து ஓடினாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவருடைய டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். உள்ளே மடவை மீனுக்கு இரையாகப் பிசைந்து வைத்த மைதா மாவு.

"இத்த வெச்சு அழுத்திப் பாரு கண்ணு. கையில ஒட்டுனா உயிர வாங்கும்."

கார்குழலி ஓர் உருண்டையைக் காந்தத்தில் அழுத்தி இழுத்தாள். காந்தம் வெள்ளியாய்ப் பளிச்சென்று வந்தது. மாவு முழுக்கக் கறுப்பு. அவள் குப்பம்மாவைக் கட்டிப் பிடித்து, மாவுக் கையோடு கன்னத்தைக் கிள்ளினாள். அப்புறம் எல்லோரும் பாய்ந்தோம். முப்பத்திரண்டு காந்தம். ஆளுக்கு ஓர் உருண்டை. அழுத்து, இழு, உருண்டையைத் திருப்பு, மறுபடி அழுத்து. நீலமேகம் ஒற்றைக் கையால் செய்தார். இரையைப் பறிகொடுத்தவரும் வந்து உட்கார்ந்துகொண்டார். என் லேத்தில் நாள் பூராவும் இரும்பைக் கடைந்திருக்கிறேன், அப்படி ஒரு வேகத்தை என் கையிலேயே நான் பார்த்ததில்லை. தட்டை இறக்கி மூடும்போது குப்பம்மா தன் தலையிலிருந்த துணியைக் கிழித்துக் கொடுத்தாள். மூடியின் துளைகளைச் சுற்றி அதைக் கட்டினோம். மணி பத்து ஐம்பது.

குப்பம்மா திருகினாள். கரகரப்பு இல்லை. சீறல்கூட இப்போது துணிக்குள் அடங்கிவிட்டது. படகு மட்டும் முன்னால் பாய்ந்தது. கரையில் இருந்தவர்கள் மோட்டார் கிளம்பவில்லை என்று நினைத்துத் தலையில் கை வைத்தார்கள், நாங்கள் அவர்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம்! தண்ணீர் பலகையில் அடிப்பது கேட்டது. தலைக்கு மேலே கடல் காக்கை கத்துவது கேட்டது. நாங்கள் நால்வரும் சத்தம் போடாமல்தான் பேசினோம், கத்த வேண்டிய தேவையே இல்லை. கார்குழலி மூடிமேல் உள்ளங்கையை வைத்தபடியே வந்தாள்.

"சூடு ஏறல பாய். ஏறவே இல்ல" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

வளைவு தாண்டியதும் மனோகரனின் படகு தெரிந்தது. எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். முப்பது வருடமாக அவர் கண்ணால் பார்த்து எழுதியவர் இல்லை. டீசல் சத்தத்தைக் கேட்டே யார் வருகிறார்கள் என்று சொல்லிவிடுவார். இன்று சத்தம் வரவில்லை. மடியில் நோட்டைப் பிரித்து வைத்து, தண்ணீரையும் கைக்கடிகாரத்தையும் பார்த்துவிட்டு, பேனா மூடியைத் திறந்தார். பெயரை அடிக்கத்தான் போகிறார். குப்பம்மா வேகத்தைக் குறைத்தாள். படகைக் கொண்டுபோய் அவர் படகோடு ஒட்டி நிறுத்தினாள். ஒரு முழம் தள்ளி அவர் காது.

"மாமோவ்! பேர எழுது!"

மனோகரன் தூக்கிவாரிப் போட்டு எழுந்ததில் படகு ஆடியது. நோட்டைப் பிடிப்பதா தன்னைப் பிடிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் பிடித்தார். எங்களைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். நீர் இன்னும் இறங்கவில்லை.

"நீ எப்டி வந்த? எவன் இட்டாந்து விட்டான்?"

"நான்தான் ஓட்டிகினு வந்தேன். தோ கீது பாரு இன்ஜினு."

அவர் குனிந்து துணி கட்டிய அந்தத் தட்டைப் பார்த்தார். நம்பவில்லை. குப்பம்மா கொக்கியை விடுவித்து, மோட்டாரைத் தண்டோடு ஒரு கையால் தூக்கிக் காட்டினாள். காற்றாடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. மறுபடி மாட்டி, லேசாகத் திருகினாள். படகு அவர் படகைத் தள்ளியது. மனோகரன் சிரித்துவிட்டார். உட்கார்ந்து நீலமேகம் என்ற பெயருக்கு நேராக எழுதப் போனார்.

"ஓட்டுனது அவ, மாமா" என்றார் நீலமேகம். "அவ பேரே போடு."

எழுதினார். படகு எண்ணையும் எழுதினார். மூன்றாவது கட்டத்துக்கு வந்ததும் நின்றார்.

"இன்ஜின் இன்னா கம்பெனி? தகடே இல்லியே."

 நான் கார்குழலியைப் பார்த்தேன். பதினைந்து வருடம் அடுத்தவன் தகட்டைத் துடைத்தவள், தன் மோட்டாருக்கு ஒரு தகடு அடிக்கவே மறந்திருந்தாள். மூடிமேல் வைத்த கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"கார்குழலி" என்றாள் குப்பம்மா. "அதான் கம்பெனி. சுத்தமா எழுது மாமா, அடிச்சு கிடிச்சு வெக்காத."

மனோகரன் ஒவ்வோர் எழுத்தாக உச்சரித்து எழுதினார். எழுதி முடித்து நோட்டை எங்கள் பக்கம் திருப்பினார். கார்குழலி மாவு காய்ந்த விரலை அந்த மூன்றாவது கட்டத்தில் வைத்து ஒரு தடவை படித்தாள். அப்புறம் இன்னொரு தடவை படித்தாள். குப்பம்மா அதற்குள் வலையை இறக்க ஆரம்பித்துவிட்டாள்.